ஸ்லீவ் எங்கே தொடங்குகிறது? ஐரோப்பிய உடைகளின் தோள் தையல் சொல்லும் கதை

பழைய ஐரோப்பிய ஓவியங்களைப் பார்க்கும்போது கண் முதலில் முகத்துக்குப் போகும். அப்புறம் நகைக்கு, கழுத்து லேஸுக்கு, வெல்வெட்டின் பளபளப்புக்கு. தோளைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் உடையை வைத்துக் காலத்தைக் கணிக்கப் பழகியவர்கள் தோளைத்தான் தேடுவார்கள். ஸ்லீவைச் சேர்க்கும் தையல் தோள் முனையில் நிற்கிறதா, புஜத்துக்கு இறங்கியிருக்கிறதா, முதுகுப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதா? இதைக் கண்டுபிடித்தாலே எந்த நூற்றாண்டு என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

படிக்கக் குழப்பமில்லாமல் இருக்க ஒரு ஏற்பாடு: இங்கே ‘கை’ என்றால் உடம்பின் கை. துணியில் தைப்பது ‘ஸ்லீவ்’. ஸ்லீவைப் பொருத்துவதற்காகச் சட்டையின் உடல் பாகத்தில் வெட்டும் வளைவு ‘ஆர்ம்ஹோல்’.

சிக்கல் எங்கே இருக்கிறது

கை தொங்கிக்கொண்டிருக்கும்போது இடுப்பிலிருந்து அக்குள் வரை ஒரு நீளம், அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு நீளம்; இரண்டும் அருகருகே மடிந்து கிடக்கின்றன. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் இந்த இரண்டும் சேர்ந்து ஒரே நேர்க்கோடாகிவிடும். தோல் இழுபட்டுக் கொடுக்கும். நெய்த துணி கொடுக்காது. அதனால் சட்டை இடுப்பை விட்டு மேலே ஏறும், இல்லையென்றால் ஸ்லீவ் மணிக்கட்டை விட்டுக் கீழே இறங்கும்.

இதைச் சமாளிக்க எளிய வழி, அக்குளில் கூடுதல் துணி விட்டுவைப்பது. கை மேலே போகும்போது அந்தத் துணி விரிந்து கொடுக்கும். ஆனால் கை கீழே வந்ததும் அதே துணி அக்குளில் கொத்தாக மடிந்து நிற்கும். நாற்காலியில் அமர்ந்து ஆணையிடும் பிரபுவுக்கு அது பிடிக்காது.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். தைக்காத ஸ்லீவ் ஒன்றை மேசையில் விரித்துப் போட்டால் அதன் மேல் ஓரம் ஒரு மேடு போல வளைந்திருக்கும். அந்த மேடு உயரமாக இருந்தால் ஸ்லீவ் உடலை ஒட்டி நேராகத் தொங்கும், சுருக்கமே இருக்காது, ஆனால் கையைத் தூக்கினால் இழுக்கும். மேடு தாழ்வாக இருந்தால், அல்லது மேடே இல்லாமல் நேர்க்கோடாக இருந்தால், ஸ்லீவ் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். கை எங்கே வேண்டுமானாலும் போகலாம், தொங்கவிட்டால் அக்குளில் மடிப்பு.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது ஆர்ம்ஹோலின் அளவை. துளை பெரிதாக இருந்தால் கை தாராளமாக அசையும் என்று நினைப்போம். பெரும்பாலும் நேர் எதிர்தான் நடக்கும். ஆர்ம்ஹோல் கீழே இறங்க இறங்க ஸ்லீவ் இடுப்புக்கு அருகில் உடலோடு சேர்கிறது. கையைத் தூக்கினால் மொத்தச் சட்டையும் கூடவே வரும். துளை சிறிதாக, அக்குளை ஒட்டி உயரத்தில் இருந்தால் ஸ்லீவ் மட்டும் அசையும், உடல் பாகம் இருந்த இடத்தில் இருக்கும்.

தொங்கும்போது அழகு, தூக்கும்போது வசதி. நெய்த துணியில் இரண்டும் முழுசாகக் கிடைக்காது. ஐரோப்பியத் தையல்காரர்கள் நூற்றாண்டுகளாக நடத்தியது இந்தப் பேரம்தான். யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

தறியிலேயே முடிந்த வேலை

ஆரம்பத்தில் ஆர்ம்ஹோல் என்ற ஒன்றே கிடையாது. ரோமப் பேரரசின் பிற்காலத்து உடைகள் எகிப்தின் வறண்ட மண்ணில் புதைகுழிகளில் அழியாமல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பல, வெட்டித் தைத்தவை அல்ல. தறியிலேயே உடை வடிவத்தில் நெய்தவை. நெசவாளர் ஒரு ஸ்லீவின் நுனியில் தொடங்குவார். உடல் பாகம் வந்ததும் துணியை அகலமாக்குவார். கழுத்துக்கு ஒரு பிளவு விடுவார். மறுபடி குறுக்கி அடுத்த ஸ்லீவை முடிப்பார். தறியிலிருந்து இறங்கும்போதே அது சிலுவை வடிவத்தில் இருக்கும். இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தைத்தால் உடை தயார். அக்குளைத் தைக்காமல் திறந்தே விட்டவையும் உண்டு. அசைவுச் சிக்கலுக்கு அதைவிட மலிவான தீர்வு கிடையாது.

வடக்கே குளிர்ப் பகுதிகளில் ஸ்லீவ் தனியாக வந்தது. ஜெர்மனியின் வடகோடியில் தோர்ஸ்பெர்க் சதுப்பு நிலத்தில் கிடைத்த கம்பளிச் சட்டை கி.பி. 3ஆம் நூற்றாண்டு வாக்கிலானது. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு ஸ்லீவ்கள் என்று தனித்தனித் துண்டுகளாக நெய்து இணைத்திருக்கிறார்கள். இணைத்த கோடு நேர்க்கோடு. வளைவு எதுவும் இல்லை.

நேராக வெட்டியதற்குக் காரணம் அறியாமை என்று நினைக்க வேண்டாம். ஒரு முழம் துணிக்குப் பின்னால் எவ்வளவு நூற்பு இருக்கிறது என்று அறிந்தவர்கள் அவர்கள். நூற்புச் சக்கரம் ஐரோப்பாவுக்கு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு இழையும் தக்களியில் திரித்தது. வளைவாக வெட்டினால் கழிவு விழும். செவ்வகமாக வெட்டினால் விழாது. அதனால் நடுக்காலத்தின் பெரும்பகுதியில் ஐரோப்பாவின் உடை, செவ்வகங்களும் முக்கோணங்களும் சேர்ந்த ஒரு கணக்கு. உடலுக்கு ஒரு நீண்ட செவ்வகம், கைகளுக்கு மணிக்கட்டில் குறுகும் இரண்டு துண்டுகள், நடப்பதற்கு வசதியாகக் கீழ்ப்பாகத்தில் முக்கோணத் துண்டுகள்.

அக்குளுக்கு ஒரு சின்னச் சதுரம். இந்தச் சதுரம்தான் என் கணக்கில் தையல் கலையின் பெரிய கண்டுபிடிப்பு. சதுரத் துண்டை மூலைவாட்டில் திருப்பி, இரண்டு ஓரங்களை ஸ்லீவோடும் மற்ற இரண்டை உடலோடும் தைத்துவிட்டால், அக்குளில் ஒரு சாய்சதுரம் உட்காரும். கை தொங்கும்போது அது முக்கோணமாக மடிந்து ஒளிந்துகொள்ளும். கை எழும்போது விரியும். விரியும் திசை துணியின் பாவுக்கும் ஊடைக்கும் மூலைவாட்டான திசை என்பதால், நெய்த துணி கொஞ்சமாவது இழுபடும் ஒரே திசையும் அதுதான். நம் ஊர் ஜிப்பாவின் அக்குளில் இப்போதும் இந்தத் துண்டைப் பார்க்கலாம். கணக்கு ஒன்றே.

இப்படிப்பட்ட உடையை உடலோடு சேர்த்துக் காட்டும் இடம் ஸ்வீடனின் வார்பெரி கோட்டை அருங்காட்சியகம். 1936இல் அருகிலிருந்த போக்ஸ்டென் சதுப்பு நிலத்தில் 14ஆம் நூற்றாண்டு மனிதர் ஒருவர் முழு உடையோடு கிடைத்தார். அங்கி, மேலங்கி, தலைமூடி, காலுறை எல்லாம் இருந்தன. செல்வந்தர்களின் உலகில் தையல் வேறு பக்கம் திரும்பத் தொடங்கிவிட்ட நூற்றாண்டு அது.

14ஆம் நூற்றாண்டு: கத்தரிக்கோல் வளைந்த காலம்

1330, 1340களில் உடை திடீரென்று உடலை ஒட்டத் தொடங்கியது. அதுவரை தலைவழியாகப் போட்டுக்கொண்ட தொளதொள அங்கி, இப்போது முன்பக்கம் முழுக்கத் திறந்து பொத்தானிலோ நாடாவிலோ மூடியது. மடாலயங்களில் உட்கார்ந்து வரலாறு எழுதிய துறவிகள் இந்த ஒட்டிய உடைகளைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள்.

ஸ்லீவ் மணிக்கட்டில் இறுகுவது அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. ஆனால் இறுகிய ஸ்லீவுக்குள் உள்ளங்கையை எப்படி நுழைப்பது? 13ஆம் நூற்றாண்டில் காலையில் உடையைப் போட்டுக்கொண்ட பிறகு ஸ்லீவை ஊசி நூலால் மணிக்கட்டில் தைத்துக்கொள்வார்கள். இரவு நூலைப் பிரிப்பார்கள். தினமும்! அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கவிதை ஒன்றின் நாயகன் வெள்ளி ஊசியில் நூல் கோத்து, ஸ்லீவைத் தைத்தபடியே தோட்டத்துக்குக் கிளம்புகிறான். பொத்தானும் பொத்தான் துளையும் பரவிய பிறகுதான் இந்த வேலை ஒழிந்தது. லண்டனில் தேம்ஸ் கரையில் பேனார்ட்ஸ் கோட்டை அகழாய்வில் கிடைத்த 14ஆம் நூற்றாண்டு ஸ்லீவ் துண்டுகளில், துணியிலேயே செய்த சிறு பொத்தான்கள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கின்றன.

இப்படி ஒட்டிய உடையில் அக்குள் மடிப்புக்கு இடமில்லை. சதுரத் துண்டு அங்கே பிதுங்கிக்கொண்டு நிற்கும். எனவே கழிவு விழுந்தாலும் பரவாயில்லை என்று உடல் பாகத்தில் வளைவு வெட்டினார்கள், அதில் உட்காரும்படி ஸ்லீவின் மேலே மேடும் வெட்டினார்கள். இன்றைய ஆர்ம்ஹோலின் தொடக்கம் இது.

சாதாரண மக்களின் உடையிலும் இந்த மாற்றம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு எதிர்பாராத இடத்தில் சான்று கிடைத்தது: கிரீன்லாந்து. அங்கே குடியேறிய வட ஐரோப்பிய நார்ஸ் மக்களின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறையை 1921இல் டென்மார்க்கின் போல் நோர்லுண்ட் தோண்டினார். சவப்பெட்டிக்கு மரம் எளிதில் கிடைக்காத நாடு. அதனால் பலரை அவர்களுடைய கம்பளி உடைகளிலேயே சுற்றிப் புதைத்திருந்தார்கள். நிலம் உறைந்து கிடந்ததால் உடைகள் தப்பின. இப்போது அவை கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஐரோப்பாவின் விளிம்பில் ஆடு வளர்த்துப் பிழைத்தவர்கள், ஆனால் அவர்களுடைய ஸ்லீவ்கள் வளைவாக வெட்டியவை. தையலும் அக்குளுக்கு நேர் கீழே ஓடாமல் கையின் பின்பக்கமாக ஓடுகிறது. அது வெறும் அலங்காரத்துக்கு அல்ல. தோள்பட்டை எலும்பு அசையும் இடம் முதுகுப் பக்கம். கூடுதல் துணி தேவைப்படுவதும் அங்கேதான். தையலைப் பின்னுக்குத் தள்ளினால் மேட்டின் முன்பாதியை ஒட்டவும் பின்பாதியைத் தாராளமாகவும் வெட்டலாம்.

அந்த நூற்றாண்டின் உச்சம் பிரான்ஸின் லியோன் நகர ஜவுளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரான்ஸின் பிரிட்டனி பகுதியை ஆளும் உரிமைக்காகப் போரிட்டு 1364இல் ஓரே (Auray) என்ற ஊரில் நடந்த சண்டையில் இறந்த ஷார்ல் த ப்ளுவா அணிந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படும் பட்டுச் சட்டை. தங்க இழைப் பட்டு, எண்கோணங்களுக்குள் சிங்கங்களும் கழுகுகளும், உள்ளே பஞ்சு, அதற்குள் லினன், காலுறைகளைக் கட்டிக்கொள்ள உட்புறம் நாடாக்கள். அவரைப் புனிதராக மதித்து ஆஞ்சே நகர மடாலயத்தில் பாதுகாத்துவந்ததால் நமக்குக் கிடைத்தது.

அதன் ஆர்ம்ஹோலை முதலில் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வரும். துளை தோளோடு நிற்கவில்லை. முன்னே மார்பின் பாதிவரை, பின்னே முதுகுவரை பெரிய வட்டமாக வெட்டியிருக்கிறது. சற்று முன் ‘பெரிய துளை அசைவைக் கெடுக்கும்’ என்று சொன்னேனே, இது எப்படி? இங்கே துளை பெரிதானது கீழ்ப்பக்கமாக அல்ல, பக்கவாட்டில். அக்குளில் அது உயரத்திலேயே நிற்கிறது. ஸ்லீவோ ஒரே துண்டு இல்லை. மேல்பகுதியில் முக்கோணத் துண்டுகளைச் செருகி அகல வட்டமாக்கி, மார்பிலிருந்தே தொடங்க வைத்திருக்கிறார்கள். அதாவது கையை மட்டும் மூடும் குழாயாக அதைத் தைக்கவில்லை. கையை நீட்டும்போது மார்புத் தசையும் தோள்பட்டையும் கூடவே நகர்கின்றன அல்லவா, அந்த நகரும் பகுதி முழுவதையும் ஸ்லீவின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். உடல் பாகம் நடுவில் அசையாமல் இறுக்கமாக நிற்கும், சுற்றிலும் ஸ்லீவ் சுழலும். கவசத்துக்குள் போடும் பஞ்சு வைத்த உடைகள் பெருகிய காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால், இப்படி ஒரு வெட்டு ஏன் தேவைப்பட்டது என்பது புரியும். பஞ்சு தடிமனாக இருக்க வேண்டும், வாளும் சுழல வேண்டும்.

துணி ஏராளமாகச் செலவாகும், தைக்கவும் நேரம் பிடிக்கும். அது நீடிக்கவில்லை என்பதில் வியப்பில்லை. ஆனாலும் அழகையும் அசைவையும் ஒருசேர அடையப் பார்த்தவர்களில் இதை வெட்டியவர்தான் மிக அருகில் போனவர் என்பேன்.

கழற்றி மாட்டும் ஸ்லீவ்

15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வேறொரு தீர்வு: ஸ்லீவை உடலோடு தைக்கவே வேண்டாம். தோளில் நாலைந்து இடத்தில் நாடாவால் கட்டினால் போதும். இடைவெளிகளில் உள்ளே போட்ட வெள்ளை லினன் சட்டை பிதுங்கித் தெரியும். கையைத் தூக்கினால் இழுக்க அங்கே தையலே இல்லை. வசதிக்காக விட்ட இடைவெளியே அழகாகிப் போனது. கிர்லாந்தாயோ வரைந்த ஜொவான்னா தொர்னாபுவோனியின் 1488 உருவப்படத்தில், தோளிலும் முழங்கையிலும் வெள்ளைத் துணி எட்டிப்பார்ப்பதைக் காணலாம். படம் இப்போது மாட்ரிட்டில் இருக்கிறது.

ஸ்லீவ் தனிச் சொத்தாகவும் ஆனது. சீர்வரிசைப் பட்டியல்களில் ஜோடி ஜோடியாகத் தனியே எழுதுவார்கள். ஒரே கவுனுக்கு நாலு ஜோடி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். முத்தும் தங்க இழையும் ஸ்லீவில்தான் குவிந்தன. ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்த ஃபிளாரன்ஸ் போன்ற நகரங்கள் போட்ட சட்டங்களும் ஸ்லீவைக் குறிவைத்தன.

இங்கிலாந்தில் ஹோல்பைன் 1536 வாக்கில் வரைந்த ஜேன் சீமோர் ராணியின் படத்தில் இன்னொரு வகை. கவுனின் ஸ்லீவ் மணி போல விரிந்து முழங்கையில் திரும்பி மடிந்திருக்கும். அதற்குள் முன்கைக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்லீவ். முதலாம் எலிசபெத்துக்குப் புத்தாண்டுப் பரிசாக வந்த பொருள்களில் ஸ்லீவ் ஜோடிகள் வழக்கமான ஒன்று. இன்று ஒரு நாட்டுத் தலைவருக்கு வெறும் சட்டைக்கையைப் பரிசளித்தால் என்ன நினைப்பார் என்று தெரியவில்லை.

அந்த நூற்றாண்டின் இறுதியில் ஸ்லீவ்கள் பஞ்சும் திமிங்கில எலும்பும் வைத்து உப்பின. தோளில் பிறை வடிவத்தில் ஒரு பட்டை நின்றது. நாடா முடிச்சுகளை மறைப்பதும் அதன் வேலை. 1580இல் மாட்ரிட்டில் ஹுவான் த அல்சேகா அச்சிட்ட தையல் நூலில், எந்த அகலத் துணியில் எந்தத் துண்டை எங்கே வைத்து வெட்டுவது என்று படம் படமாக இருக்கிறது. பாதிக் கவலை உடம்பைப் பற்றியது என்றால் மீதிப் பாதி துணியை மிச்சப்படுத்துவது பற்றியது.

17ஆம் நூற்றாண்டைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். 1660 வாக்கில் பெண்களின் மேலுடையில் கழுத்து தோளை விட்டு இறங்கி, ஸ்லீவ் புஜத்தில் தொடங்கியது. கையை ஓரளவுக்கு மேல் தூக்க முடியாது. உடலை இறுக்கும் கார்செட் என்ற உள்ளுடைதான் பெண்களின் கையைக் கட்டிப்போட்டது என்று அடிக்கடி படிக்கிறோம். கார்செட் மூடுவது விலாவை. கையைத் தடுப்பது பெரும்பாலும் இறங்கிய தோள் தையல்.

உடம்பின் மேலேயே முடித்த ஸ்லீவ்

1675இல் பாரிஸில் பெண் தையல்காரர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைக்க பதினான்காம் லூயி அனுமதித்தார். எலும்பு வைத்த இறுக்கமான மேலுடைகள் ஆண் தையல்காரர்களிடமே இருந்தன. பெண்களுக்குக் கிடைத்தவை தளர்ந்த கவுன்கள். அவை தொடக்கத்தில் ஸ்லீவும் உடலும் சேர்ந்தாற்போல எளிமையாக வெட்டியவை. ஆனால் அந்தப் பெண்கள் கையில் ஒரு புது முறை வளர்ந்தது.

18ஆம் நூற்றாண்டு கவுனின் ஸ்லீவை இன்று நாம் தைப்பது போலச் சுற்றி ஒரே தையலாகப் பொருத்த மாட்டார்கள். முதலில் கீழ்ப்பாதி, அதாவது அக்குள் பகுதி மட்டும். அதை உட்புறமிருந்து உறுதியாகத் தைத்துவிடுவார்கள். பிறகு வாடிக்கையாளர் அதைப் போட்டுக்கொண்டு நிற்பார். தோளில் லினன் லைனிங் பட்டை மட்டும் இருக்கும். ஸ்லீவின் மேல்பாதியை அந்தப் பட்டையின் மேல் இழுத்து, மிஞ்சும் துணியைச் சிறு சிறு மடிப்பாகத் தோளின் மேலும் பின்னும் ஒதுக்கி, குண்டூசி குத்துவார்கள். அந்த உடம்பின் தோள் எவ்வளவு சாய்வு, புஜம் எவ்வளவு பருமன் என்பதெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். கடைசியில் கவுனின் வெளித்துணித் தோள்பட்டையை மேலே போட்டு மூடித் தைத்தால், மடிப்புகளின் வெட்டு ஓரங்கள் எல்லாம் உள்ளே மறைந்துவிடும்.

இதற்குப் பேட்டர்ன் பிசகாமல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேடு கொஞ்சம் அதிகமாகிவிட்டால் ஒரு மடிப்பு கூடும், அவ்வளவுதான். அருங்காட்சியகங்களில் உள்ள கவுன்களில் இடது தோளிலும் வலது தோளிலும் மடிப்புகள் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். பிரித்துத் தைப்பதும் சுலபம் என்பதால், அம்மாவின் பட்டு கவுனை மகளுக்கு மாற்றித் தைப்பதும் நடந்தது.

அந்தக் கவுனின் ஆர்ம்ஹோல் சிறியது, அக்குளை ஒட்டியது, பின்பக்கம் நன்றாக உள்ளே வெட்டியது. முதுகு மிகக் குறுகலாகத் தெரியும். ஆண்களின் கோட்டும் அப்படித்தான். முதுகு ஒடுங்கியது, ஸ்லீவ் இரண்டு துண்டுகளில் முழங்கையில் வளைத்து வெட்டியது. தோளைப் பின்னுக்கு இழுத்து, மார்பை முன்னே காட்டி, முழங்கையைச் சற்று மடக்கி நிற்பதே அன்றைய மரியாதையான நிலை. உடையே அந்த நிலைக்கு வெட்டப்பட்டிருந்தது. இன்றைய ஆள் குனிந்த தோளோடு அதைப் போட்டால் முதுகில் கிழியும். நிமிர்ந்து நின்றாலோ, நம் ரெடிமேட் சட்டையைவிட வசதியாகக் கை அசையும். 1769இல் வெளிவந்த கார்சோவின் தையற்கலை நூல், அன்றைய பாரிஸ் தையல்காரர் எப்படி அளந்தார் என்பதைக் காட்டுகிறது. அங்குல டேப் கிடையாது. ஆளுக்கொரு காகிதப் பட்டை; அளவெடுத்த இடத்தில் ஒரு வெட்டு.

சட்டை மட்டும் மாறவில்லை

இவ்வளவு மாற்றமும் வெளியுடையில். உள்ளே போட்ட லினன் சட்டையோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதே பழைய செவ்வகக் கணக்கில்தான் இருந்தது. உடல் ஒரு நீளத் துணி, ஸ்லீவ் இரண்டு செவ்வகம், அக்குளில் சதுரம், கழுத்தோரத்தில் சின்னத் துண்டு. ஆர்ம்ஹோல் வெட்டமாட்டார்கள், ஸ்லீவின் மேல் ஓரத்தைச் சுருக்கி நேரான உடல் ஓரத்தில் தைத்துவிடுவார்கள். தையல் தோளை விட்டு இறங்கிப் புஜத்தில் நிற்கும். அரசரின் சட்டைக்கும் மாலுமியின் சட்டைக்கும் துணியில்தான் வித்தியாசம், வெட்டில் இல்லை. இங்கிலாந்தின் வண்டிக்காரர்களும் பண்ணையாட்களும் போட்ட தடித்த மேலங்கியும் இதே வகை. நாளெல்லாம் கையைத் தூக்கி இறக்கி வேலை செய்பவர்கள் சதுரத் துண்டை விடவே இல்லை. கழிவில்லாத வெட்டு என்பது மட்டும் காரணமில்லை; சலவைக்குப் போய்ப் போய் வரும் உடையில் நேர்த்தையல்தான் நீடிக்கும்.

காற்றடித்த ஸ்லீவ், இறங்கிய தோள்

1800 வாக்கில் இடை மார்புக்குக் கீழே ஏறியது. முதுகுத் துண்டு வைரக்கல் வடிவத்தில் சுருங்கியது. ஆர்ம்ஹோல் முதுகுக்குள் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு போனது. அங்கிருந்து முப்பதே ஆண்டுகளில் நேர் எதிர்த்திசை: 1830களின் தொடக்கத்தில் புஜத்தில் பிரம்மாண்டமாக உப்பி மணிக்கட்டில் ஒடுங்கும் ஸ்லீவ். ஆட்டுத் தொடை என்றே பெயர் வைத்திருந்தார்கள். உப்பல் விழாமல் இருக்க இறகு அடைத்த சிறு தலையணைகளைப் புஜத்தில் கட்டிக்கொண்டார்கள். 1836இல் அது சட்டென்று சுருங்கியது. அடுத்த ஆண்டு விக்டோரியா அரியணை ஏறியபோது தோள் தையல் புஜத்துக்கு இறங்கி, ஸ்லீவ் ஒட்டியிருந்தது. இந்தச் சேர்க்கைதான் இருப்பதிலேயே மோசம்: ஆர்ம்ஹோலின் மேல் விளிம்பே தோள் மூட்டுக்குக் கீழே கையைச் சுற்றி இறுக்கும். தலைக்கு மேல் இருக்கும் பொருளை எடுக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதுதான். உப்பிய ஸ்லீவ் 1890களில் மறுபடி வந்தது, 1895 வாக்கில் உச்சத்துக்குப் போனது, இரண்டே ஆண்டில் இறங்கியது. இந்த முறை தோள் தையல் அதன் இடத்தில் இருந்ததால் கைக்குத் தொல்லை குறைவு.

இதற்கிடையில் ஆண்களின் கோட்டுத் தையல்காரர்கள் கம்பளியின் ஒரு குணத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஈரமும் சூடும் பட்டால் கம்பளி சுருங்கும். எனவே ஸ்லீவின் மேட்டை ஆர்ம்ஹோலைவிடப் பெரிதாக வெட்டி, ஓரத்தில் நூல் ஓட்டிச் சுருக்கி, இஸ்திரிப் பெட்டியால் அந்தச் சுருக்கத்தைத் துணிக்குள்ளேயே அமுக்கிவிடலாம். மடிப்பு தெரியாது, ஆனால் தோளுருண்டைக்கும் தோள்பட்டை அசைவுக்கும் வேண்டிய இடம் உள்ளே இருக்கும். 18ஆம் நூற்றாண்டுப் பெண்கள் மடிப்பில் ஒதுக்கியதை இவர்கள் இஸ்திரியில் மறைத்தார்கள். பருத்தியிலும் லினனிலும் இந்த வித்தை செல்லாது.

தோள் தையலே வேண்டாம் என்ற வழியும் இதே நூற்றாண்டில் பெயர் பெற்றது. 1815 வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்த பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபுவின் பெயரில் வழங்கும் ஸ்லீவில், தையல் அக்குளிலிருந்து கழுத்துக்கு மூலைவாட்டில் ஓடும். தோள் முனை எங்கே இருந்தாலும் கவலையில்லை. மழைக்கோட்டிலும் விளையாட்டு பனியனிலும் இன்றும் அது நிலைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

ரெடிமேட் வந்த பிறகு

தையல் இயந்திரமும் தொழிற்சாலையும் வந்ததும் பேரத்தில் மூன்றாவது ஆள் சேர்ந்தார்: முன்பின் தெரியாத உடம்பு. உயரமான சிறிய ஆர்ம்ஹோல் அளவெடுத்த ஒருவருக்குத்தான் பொருந்தும். மற்றவருக்கு அக்குளை அறுக்கும். கீழிறங்கிய பெரிய ஆர்ம்ஹோலுக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம். கடைகள் எதைத் தேர்ந்தெடுத்தன என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு எதிராக லண்டனில் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஃபிரெடெரிக் ஷோல்ட் போன்ற தையல்காரர்கள் துளையைச் சிறிதாக்கி உயர்த்தி, மார்பிலும் முதுகிலும் துணியைத் தாராளமாக விட்டு வெட்டினார்கள். பின்னாளில் விண்ட்சர் பிரபுவான எட்டாம் எட்வர்ட் அவருடைய வாடிக்கையாளர். அளவெடுத்துத் தைக்கும் கோட்டுகளில் அந்த வெட்டு இன்னும் நடக்கிறது.

கடைச் சட்டையின் கதை வேறு. ஸ்லீவை வட்டமான துளைக்குள் பொருத்துவது நேரம் தின்னும் வேலை. அதனால் சட்டைத் தொழிற்சாலையில், பக்கம் தைப்பதற்கு முன்பே, உடல் பாகம் தட்டையாக விரிந்து கிடக்கும்போதே ஸ்லீவைச் சேர்த்துவிடுவார்கள். அப்படித் தட்டையாகச் சேர்க்க வேண்டுமென்றால் மேடு தாழ்வாக இருந்தாக வேண்டும். பழைய லினன் சட்டையின் நேர் ஓரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அக்குள் சதுரம் மட்டும் போய்விட்டது. பிறகு சட்டையை மடித்து, மணிக்கட்டில் தொடங்கி அக்குளைத் திருப்பி இடுப்புவரை ஒரே ஓட்டமாக இயந்திரத்தில் விட்டுவிடுவார்கள். சட்டையில் ஸ்லீவின் தையலும் பக்கத்தையலும் அக்குளில் ஒன்றாகச் சந்திப்பது இதனால்தான். கோட்டில் அவை சந்திக்காது.